உடைந்த டிஸ்க்கும் ஒரு சொட்டு மையும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த படங்களும் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி. எனக்குத்தான் காது முன்போல இல்லை. அத்தனை வருடம் பீங்கான் ஆலையில், மண் அரைக்கும் உருளை (ball mill) பக்கத்திலேயே நின்றவனுக்கு வேறென்ன மிஞ்சும்? போன் செய்தால் நீ கத்த வேண்டியிருக்கும், அதனால் கடிதமே மேல்.

சரி, உன் சண்டைக்கு வருகிறேன். மின்கம்பியைத் தாங்க, ஒன்றோடொன்று கோத்துச் சரமாகத் தொங்கவிடும் பீங்கான் டிஸ்க், அதாவது இன்சுலேட்டர், பற்றிய சண்டை. பீங்கான் தலைக்கு மேலே இரும்புத் தொப்பி, உள்ளே இரும்புப் பின், சுற்றிலும் தட்டாக விரிவது பாவாடை. "நீங்கள் செய்து அனுப்பிய பீங்கான் தலை தெறித்து, கம்பியோடு கீழே விழுந்தது. பதில் சொல்" என்று எழுதியிருக்கிறாய். கிளேஸில், அந்த மேல் கண்ணாடிப் பூச்சில், ஒரு கீறல் இல்லை, பாவாடை முழுசாக இருந்தது, பனி இறங்கிய ஒரு காலையில் இப்படி ஆயிற்று என்கிறாய். பனி வெறும் சாக்கு. மேலே படிந்த தூசியும் உப்பும் ஈரமானதும் சரத்தின் மேல் ஃபிளாஷ்ஓவர் வந்திருக்கும், அதாவது பீங்கானின் வெளிப்புறமாகவே மின்பொறி தாவியிருக்கும், அது அடிக்கடி நடப்பதுதான். நல்ல டிஸ்க்காக இருந்தால் தீப்பொறி வெளியே காற்றில் ஓடி அணைந்துவிடும். உன் டிஸ்க் அதற்கு முன்பே உள்ளே பங்ச்சர் ஆகியிருந்தது. தொப்பிக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கனத்தில் முடி அளவு ஓட்டை. கரன்ட் அந்த வழியாகப் பாய்ந்து, உள்ளே சூடேறி, தலை வெடித்துவிட்டது. கண்ணாடி டிஸ்க் என்றால் கெட்ட அன்றே பாவாடை பொடிப்பொடியாகக் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும், மிச்சத் தலை கம்பியையும் தாங்கும். பீங்கான் அழுத்தக்காரன். வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே செத்திருப்பான்.

ஓட்டை எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. நீ கிளேஸைக் குறை சொல்கிறாய். கிளேஸ் அழுக்கு ஒட்டாமல் பார்க்கும், அதைவிட முக்கியமாக பீங்கானை இறுக்கிப் பிடிக்கும். உடலைவிட ஒரு பொட்டு குறைவாகச் சுருங்கும்படிதான் அதைக் கலப்போம். சூளையிலிருந்து ஆறி வரும்போது மேல்தோல் அழுத்தத்தில் நிற்கும், சட்டென்று விரிசல் விடாது. அந்தப் பழுப்பு நிறத்தால் மின்சாரத்துக்கு எந்த லாபமும் இல்லை, இரும்பும் மாங்கனீசும் தரும் நிறம், அவ்வளவுதான்.

குற்றம் பெரும்பாலும் சூளைக்கு முன்பே பிறந்துவிடும். களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் தண்ணீரோடு அரைத்து, சலித்து, காந்தத்தின் மேல் ஓடவிட்டு இரும்புத் துகளை எடுப்போம். ஃபில்டர் பிரஸ்ஸில் தண்ணீரைப் பிழிந்தால் தட்டுத் தட்டாகக் கேக் வரும். அதைப் பக் மில் என்ற பிசையும் எந்திரத்தில் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டுத் தள்ளுவோம். அந்த வெற்றிடம் ஒரு ஷிஃப்ட் சரியாக இழுக்கவில்லை என்றால் குமிழி உள்ளேயே நின்றுவிடும். வெளியே வரும் மண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பியால் அறுத்து, அறுத்த முகத்தை விரலால் தடவிப் பார்ப்பார் எங்கள் பழைய மேஸ்திரி. மீட்டரைவிட அவர் விரலைத்தான் நான் நம்பினேன்.

அப்புறம் காயவைப்பது. காய்வதிலும் வேகுவதிலும் சேர்த்து நூற்றுக்குப் பன்னிரண்டு வரை சுருங்கும் என்றால் பார்த்துக்கொள், 255 மில்லிமீட்டர் டிஸ்க் வேண்டுமானால் பச்சையில், அதாவது காயாத, வேகாத மண்ணாக, ஏறக்குறைய 290 இருக்க வேண்டும். வெளித்தோல் முதலில் காய்ந்து சுருங்கி, உள்ளே ஈரம் நின்றால் பீங்கான் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். ஒரு வருடம் பெரிய கூடுகள், டிரான்ஸ்ஃபார்மருக்குள் கம்பி நுழையும் இடத்தில் நிற்கும் புஷ்ஷிங்குக்கானவை, அவசரம் என்று உலர்த்தும் அறையின் சூட்டை இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றிவிட்டார்கள். பச்சையில் ஒன்றும் தெரியவில்லை. சூளையைத் திறந்தபோது மூன்றில் இரண்டு மேலிருந்து கீழ்வரை முடிக்கோடு விட்டிருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர் திட்டியது சூளைக்காரரை. பாவம், அவர் 1250 டிகிரி வரை ஏற்றியதிலும் தப்பில்லை, 573 டிகிரியில் குவார்ட்ஸ் உருமாறும் இடத்தை மெதுவாகக் கடந்ததிலும் தப்பில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

உன் டிஸ்க் எங்கள் சோதனையைத் தாண்டியது எப்படி என்பாய். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்போம், மின்னழுத்தம் கொடுத்துப் பார்ப்போம். சிலவற்றை மட்டும் எடுத்து, 70 டிகிரி வித்தியாசமுள்ள சூட்டு நீரிலும் குளிர் நீரிலும் மாற்றி மாற்றி முக்குவோம். எனக்குப் பிடித்தது ஃபுக்ஸின் சோதனை. உடைத்த துண்டுகளை ரோஜா நிறச் சாயம் கலந்த ஆல்கஹாலில் போட்டு, 15 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் விடுவோம். பிறகு எடுத்துக் காயவைத்து மறுபடி உடைப்போம். நல்ல பீங்கான் உள்ளே பால்போல வெள்ளையாக இருக்கும். வேகாத துண்டாக இருந்தால் வெற்றிலைக் கறைபோல ரோஜா நிறம் ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்திருக்கும். அதைப் பார்த்த அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது, அந்த லாட்டே போச்சு. ஆனால் உடைத்த துண்டுதான் சோதனைக்குப் போகிறது, உடைக்காதது உன்னிடம் வருகிறது. இந்த இடைவெளிக்கு நானும் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. தொப்பியையும் பின்னையும் பிடித்திருப்பது சிமென்ட். தலையின் சாய்வு, இழுக்க இழுக்கப் பீங்கான் அழுத்தப்படும்படி அமைந்தது. அழுத்தத்தில் அது யானை, இழுவையில் பூனை. சிமென்டில் வருடக்கணக்கில் ஈரம் ஏறி அது மெல்லப் பருத்தால் அந்தக் கணக்கெல்லாம் கெட்டு, தலை உள்ளிருந்தே பிளக்கும். இரும்பில் தார் பூசி நெகிழ்வு விடுவது அதற்குத்தான். உன் டிஸ்க்குக்கு என்ன வயது என்று எழுதவில்லையே?

பீங்கானை விட்டு, ரப்பர் போர்த்திய பாலிமர் இன்சுலேட்டருக்கு மாறுகிறார்களாம், நான் வருத்தப்படுவேனா என்றும் கேட்டிருக்கிறாய். வருத்தமில்லை. சிலிக்கான் ரப்பரில் தண்ணீர் துளித்துளியாக நிற்கும், பரவாது, அழுக்கு ஊரில் அது பெரிய வரம். தூக்க ஒரு ஆள் போதும். ஆனால் ரப்பர் வெயிலில் மூப்படையும், பறவை கொத்தும், உள்ளே இருக்கும் கண்ணாடியிழைத் தண்டில் ஈரம் போனால் அதுவும் சொல்லாமல் முறியும். 1907-இல் ஹியூலெட், பக் என்ற இரண்டு அமெரிக்க எஞ்சினியர்கள் டிஸ்க்குகளைக் கோத்துத் தொங்கவிட்ட நாளிலிருந்து பிரச்சினை ஒன்றேதான், உள்ளே இருப்பது வெளியே தெரிவதில்லை.

உடைந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. புதிதாக உடைந்த முகத்தில், கிளேஸ் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு சொட்டுப் பேனா மை விடு. ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடை. கறை போகவில்லை என்றால் பீங்கான் சரியாக வேகவில்லை, பழி எங்கள் தலையில். சுத்தமாகப் போய்விட்டால் சிமென்ட் பக்கம் தேடலாம். எதுவானாலும் படத்தோடு எழுது, அதோடு தொப்பிக்கு உள்பக்கத்தையும் படம் எடு.

அன்புடன்,
உன் பீங்கான்காரன்