எஞ்சின் மாற்றிய வண்டிகளும் மலை இறக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடிப்பெருக்கு நெருங்கினால் ஒகேனக்கல் பாதையில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டும். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய ஜீப்புகளும் வேன்களும் அவற்றில் உண்டு. தொப்பூர் கணவாயிலோ பென்னாகரம் தாண்டிய மலைப்பாதையிலோ அப்படி ஒரு வண்டிக்குப் பிரேக் பிடிக்காமல் போனால் பழி முழுவதும் ஓட்டுநர்மீது விழுகிறது. நியூட்ரலில் இறக்கியிருந்தால் அது அவர் தவறுதான். ஆனால் எஞ்சினை மாற்றியபோது பிரேக்குக்குத் துணை நின்ற ஒன்றும் சேர்ந்தே போய்விட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம், அதாவது காற்றழுத்தக் குறைவு, உண்டாகும். அது ஒரு ஹோஸ் வழியாகப் பிரேக் பூஸ்டருக்குப் போய், மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கிறது. பழைய டீசல் எஞ்சினில் த்ராட்டிலே கிடையாது. காற்று தடையில்லாமல் உள்ளே போவதால் பூஸ்டருக்குப் போதுமான வேக்குவம் கிடைக்காது. அதற்காகத்தான் டீசல் வண்டியில் தனியாக வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள். பல வண்டிகளில் அது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பழைய எஞ்சின் வாங்கி ஏற்றும்போது பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு, பூஸ்டர் ஹோஸைப் பழையபடி மேனிஃபோல்டில் செருகி அனுப்பினால், சமதளத்தில் பெடல் சற்றுக் கனமாக இருப்பதாக மட்டுமே தெரியும். ஏழெட்டுப் பேரின் பாரம் தள்ளும் இறக்கத்தில்தான் பெடல் கல்லாக நிற்கும்.

பம்ப் இருந்தாலும் அதோடு முடியவில்லை. அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் வரும் மெல்லிய குழாயும், ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடித்தொட்டிக்கு) திரும்பும் தடித்த குழாயும் உண்டு. வரும் குழாய் அடைத்தால் உள்ளே சுழலும் பிளேடுகள் தேய்ந்து பம்ப் இழுக்காது. திரும்பும் குழாய் மடங்கினால் பம்ப்புக்குள் ஆயில் தேங்கும். பூஸ்டர் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வும் கெட்டிருந்தால் அந்த ஆயில் பூஸ்டருக்குள் போய் அதிலுள்ள ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தை ஊத வைத்துவிடும். கையில் கிடைத்த டீசல் ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ பூஸ்டருக்கு மாட்டுவது இன்னொரு தவறு. எஞ்சின் சூட்டில் அது இளகி, வேக்குவம் இழுக்கும்போது தட்டையாக ஒட்டிக்கொள்ளும். நூல் வலை வைத்த வேக்குவம் ஹோஸ்தான் தாங்கும்.

ஓட்டுநர்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று. பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுற்றும் வண்டியில், ஓடும்போது டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிந்தால் அதை பேட்டரிக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. பெல்ட் தளர்ந்தோ அறுந்தோ இருக்கலாம்; அப்படியானால் பிரேக்கின் துணையும் போய்க்கொண்டிருக்கிறது. பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். விட்டுவிட்டு மிதித்து அதை வீணாக்காமல், கியரைக் குறைத்து, ஒரே அழுத்தாக மிதித்து ஓரம் கட்ட வேண்டும். புறப்படும் முன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. வரை இறங்கலாம், அதற்கு மேல் கூடாது.

சோதனைக்குக் கருவிகூடத் தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் இறுகிவிடும். அழுத்திய காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால், பெடல் காலடியில் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் போய்விட்டது. பிறகு இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதியே இறுகினால் ஒருவழி வால்வோ ஹோஸோ பூஸ்டரோ எங்கோ கசிகிறது. வேக்குவம் அளக்கும் கேஜ் உள்ள பட்டறையில் பம்ப்பைத் தனியாகச் சோதிக்கலாம். எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் வேக்குவம் ஒரு நிமிடத்துக்குள் 600 மி.மீ. பாதரச அளவைத் தாண்ட வேண்டும்.

த்ராட்டில் இல்லாத டீசல் எஞ்சினுக்கு வண்டியை இழுத்துப் பிடிக்கும் குணமும் குறைவு. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர் மூன்றாம் கியரில் இறங்கிய சரிவில் இதை இரண்டாம் கியரில் இறக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டினால் பம்ப்பும் நின்றுவிடும்.

ஒகேனக்கலிலிருந்து திரும்பி ஏறும்போது வருவது சூட்டுத் தொல்லை. பழைய சிறிய ரேடியேட்டரையே விட்டுவைப்பதும், ஃபேனைச் சுற்றிய கூண்டு புதிய எஞ்சினுக்குப் பொருந்தவில்லை என்று கழற்றி எறிவதும்தான் பெரும்பாலும் காரணம். கூண்டில்லாத ஃபேன் ரேடியேட்டரின் நடுப்பகுதியை மட்டுமே குளிர்விக்கும். சூடு ஏறுகிறது என்று, சூட்டுக்கேற்பத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவதும் தீர்வல்ல. பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில் அந்த வழி திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். நம் மாவட்டத்து போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும் என்பது சமையலறைப் பாத்திரத்தைப் பார்த்தாலே விளங்கும். கூலன்ட்டோடு சுத்திகரித்த தண்ணீர் கலந்து ஊற்றுவதே நல்லது.

எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே தடித்த எர்த் பட்டை மறக்காமல் போட வேண்டும். இல்லையென்றால் செல்ஃப் அடிக்கும் கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியே போய் அதைச் சுட்டு இறுக்கிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதி தேவை. மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பதிய வேண்டும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றும் வண்டியில் டீசல் எஞ்சினும் இருந்தால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்டு நிற்கும் குடும்பம்தான் அலைய நேரும்.

எட்டு ஆண்டு தாண்டிய வாடகை வண்டிகள் ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வருகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எஞ்சின் மாற்றிய வண்டிகளுக்கு அப்போது மேலே சொன்ன பெடல் சோதனையையும் வேக்குவம் பம்ப்பையும் கட்டாயம் பார்க்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும். ஆடி 18-க்கு முந்தைய வாரம் பென்னாகரத்திலும் அஞ்செட்டியிலும் வண்டி நிற்கும் இடத்திலேயே இதைச் செய்யலாம். ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.