உலையடியில் கூட இருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அலுமினா என்கிற அலுமினியம் ஒட்சைட்டைப் பற்றிய என் முதுமாணி ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அதில் உங்கள் பெயர்கள் இருக்கின்றன. யார் என்ன செய்தீர்கள் என்று எழுதத்தான் இடம் போதவில்லை.

1600 பாகை செல்சியஸில் உலைக்குள் நடப்பதை எங்கள் ஆய்வுகூடத்தில் எட்டிப் பார்க்க வழியில்லை. அரை மணித்தியாலம் ஒரு அலுமினா வில்லை, இரண்டு மணித்தியாலம் இன்னொன்று, எட்டு மணித்தியாலம் மற்றொன்று என்று தனித்தனியாகச் சுட்டு, ஆறவிட்டு, அப்புறம்தான் அதிலுள்ள மணிகள், அதாவது நுண்ணிய பளிங்குகள், எவ்வளவு வளர்ந்தன என்று அளக்கலாம். நடுவில் கரண்ட் போனால் அந்த வில்லையால் பயனில்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில், அட்டவணையைப் பார்த்துப் பார்த்து உலையின் நேரத்தை மாற்றி, பேராதனைக் குளிரில் விடியும்வரை விழித்திருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்ல! வெப்பநிலையை நீங்கள் கைப்பட எழுதிவந்த கொப்பியை நம்பித்தான் என் வரைபுகள் எல்லாமே நிற்கின்றன.

வைரப் பசையில் மெருகேற்றக் கற்றுத்தந்த அக்கா, வில்லையை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் கீறல் தேடுவீர்கள். கீறலை மணியின் எல்லை என்று எண்ணிவிட்டால் கணக்கே பிழைத்துவிடுமே. மெருகேறிய முகத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. சுட்டதைவிட நூறு பாகை குறைவாக மறுபடி கொஞ்ச நேரம் சூடேற்றினால் எல்லைகளில் மெல்லிய பள்ளம் விழும். அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பொறுமையாகக் காட்டிய சேருக்கும் நன்றி. வெறும் அலுமினாவில் சில மணிகள் மட்டும் பெருத்து, துளைகளைத் தமக்குள்ளேயே அடைத்துக்கொண்டிருந்தன. மிகச் சிறிதளவு மக்னீசியா (மக்னீசியம் ஒட்சைட்டு) கலந்ததில் அந்தப் பெருக்கம் இல்லை. 1950களில் அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் கோபிள் கண்டதும் இதைத்தான். உயரழுத்த சோடியம் விளக்குகளின் ஒளிபுகும் குழாய் அதிலிருந்துதான் வந்தது. அவர் கண்டதை என் கண்ணாலும் பார்த்த சந்தோசம் இன்னும் குறையவில்லை.

மேடம், "படம் வடிவாக இருக்கிற இடத்தை மட்டும் எண்ணாதே" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்கே ஆயுள் முழுக்க நன்றி.

அம்மா, மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்பிலும் போனில் இருந்த படத்தில் விரலை வைத்து, "இந்தப் பெரிசு பக்கத்துல இருக்கிற சின்னத எல்லாம் தின்னுருச்சா?" என்று கேட்டீர்கள். ஆமாம் அம்மா, அதேதான்.

வில்லைகளையும் கொப்பியின் பிரதியையும் ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த அணியினர் எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து உங்கள் மாணவி