நெட் பிளான மாத்துறதுக்கு முன்னாடி பரண்ல கிடக்குற பழைய ரவுட்டர இறக்கிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்துல வீட்டு வயரிங் வேலை பாக்குறவன் நான். கொஞ்ச வருஷமா லைட்டு ஃபேன் வேலையோட சேத்து நெட் கேபிள் இழுக்குற வேலையும் நிறைய வருது, போற வீட்டுலல்லாம் ஒரே பேச்சுதான், "முன் ரூம்ல நெட் பறக்குது, பின்னாடி போனா ஒண்ணும் வரல". அதுக்கு மக்கள் செலவு பண்ற பணத்தையும் அந்தச் செலவுக்கு அப்புறமும் பின் ரூம்ல நெட் வராம இருக்கறதையும் பாத்து பாத்து மனசு கேக்காமதான் இத எழுதுறேன், நீளமா இருந்தாலும் தயவுபண்ணி போடுங்க.

எங்க ஊர் பழைய தெருவுங்கள்ல வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்பங்கரை, அதுக்கப்புறம் கொல்லை, சில வீடு நூறு அடிக்கு மேலயும் போகும். சுவரெல்லாம் சுண்ணாம்பு வச்சு கட்டுன தடி சுவர். ஃபைபர் கேபிள் தெரு போஸ்ட்லேர்ந்து வர்றதால வைஃபை குடுக்கற ரவுட்டர் பெட்டிய வாசல் பக்கத்துலயே மாட்டிட்டு போயிடுறாங்க. அங்கேர்ந்து சிக்னல் நாலு சுவர தாண்டி கொல்லைப் பக்கத்து ரூமுக்கு போகணும், வழியில இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், கண்ணாடி அலமாரி எல்லாம் நிக்குது. புது வீடும் இதுக்கு குறைஞ்சதில்ல, கீழ பெட்டி இருக்கும், மாடியில புள்ளைங்க ரூம், நடுவுல கம்பி கட்டுன கான்கிரீட் தளம்.

இதுக்கு எல்லாரும் சொல்ற மொத வைத்தியம் பிளான மாத்துறது. 50 எம்பிபிஎஸ் வேகத்துல இருக்கீங்களா, 100க்கு போங்க, 200க்கு போங்கன்னு. நான் கேக்குறது என்னன்னா, பிளான் வேகங்கறது தெருவுலேர்ந்து உங்க பெட்டி வரைக்கும் வர்ற கணக்கு, பெட்டிலேர்ந்து கொல்லை ரூமுக்கு போறது காத்துல போற ரேடியோ அலை, முன்னாடி உள்ள கணக்க ஏத்துனா பின்னாடி உள்ள சுவர் கரைஞ்சிடுமா? வீடியோ கால் பேசவும் கிளாஸ் பாக்கவும் 5 எம்பிபிஎஸ் தடங்கல் இல்லாம வந்தாலே போதும், அந்த அஞ்சு கூட பின் ரூமுக்கு போய்ச் சேரலங்கறதுதான் பிரச்சனை. மாசா மாசம் கூட காசு கட்டிட்டு பரீட்சைக்கு படிக்கிற பொண்ணு ராத்திரியில ரேழி நிலைப்படியில உக்காந்து கிளாஸ் பாக்குற வீடுங்க இருக்கு சார், கொசுக்கடியில.

இன்னொரு வைத்தியம் ஆறு ஆண்டெனா எட்டு ஆண்டெனா வச்ச பெரிய ரவுட்டர். வைஃபைங்கறது ரெண்டு பக்கமும் பேசணும், ரவுட்டர் சத்தமா பேசுனாலும் உங்க போன் பதில் சொல்லணுமில்ல, போனுக்குள்ள இருக்கற ரேடியோவோட சக்தி கம்மி, அது பேசறது நாலு சுவர் தாண்டி ரவுட்டருக்கு கேக்கலன்னா கோடு மட்டும் ரெண்டு மூணு தெரியும், பக்கம் திறக்காது. அதோட இப்ப நிறைய ரவுட்டர்ல 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பேண்ட், அதாவது அலைவரிசை, வருது, நம்ம நாட்டுல 2018ல 5 கிகாஹெர்ட்ஸ்ல லைசென்ஸ் இல்லாம பயன்படுத்த நிறைய இடம் திறந்து விட்டாங்க, நல்ல விஷயம்தான், வேகமும் ஜாஸ்தி, ஆனா சுவர ஊடுருவறதுல 5 எப்பவும் 2.4க்கு பின்னாடிதான்.

அப்புறம் பிளக்குல சொருகுற பூஸ்டர். இது சிக்னல புதுசா உண்டாக்குறது இல்ல, முன்னாடி பெட்டி பேசறத காத்துல கேட்டு திரும்ப பேசுது. நிறைய பூஸ்டர்ல ஒரே ரேடியோவுல கேக்கவும் வேணும் பேசவும் வேணும், அதனால வேகம் பாதிக்கு பாதி விழும். அதுலயும் ஜனங்க அத எங்க மாட்டுறாங்கன்னா சிக்னலே வராத ரூம்ல, பக்கத்துலயே பூஸ்டர் இருக்கறதால போன்ல கோடு முழுசா காட்டும், ஆனா பூஸ்டருக்கே முன்னாடிலேர்ந்து ஒண்ணும் கேக்கல, அது என்னத்த திரும்ப பேசும்? கேபிள் இழுக்கவே வழியில்லாத வீட்டுல வேணா பாதி வழியில, முன் சிக்னல் நல்லா வர்ற இடமா பாத்து மாட்டலாம், அவ்வளவுதான்.

இத்தனை வைத்தியம் பண்ற அதே வீட்டு பரண்ல பழைய ரவுட்டர் ஒண்ணு கிடக்கும். கம்பெனி மாறும்போது கழட்டி வச்சது, இல்ல போன் லைன்ல நெட் வந்த காலத்துது. அதையும் ஒரு லேன் கேபிளையும், அதாவது நெட் போற வயரையும், வச்சே வேலை முடிஞ்சிடும். கேபிள் வழியா போற நெட்டுக்கு சுவரும் கிடையாது பீரோவும் கிடையாது, 100 மீட்டர் வரைக்கும் வேகம் குறையாம போகும், நம்ம ஊர் எந்த வீடும் அவ்வளவு நீளம் இல்ல. பழைய ரவுட்டர்ல போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும்னாலும் பரவால்ல, கேபிள் வழியா தொண்ணூறு சொச்சம் வரைக்கும் வரும், பின் ரூமுக்கு அது தாராளம்.

ஆனா சொருகிட்டா மட்டும் வேலை முடியாது, இங்கதான் பாதிப்பேர் விட்டுடுறாங்க. வீட்டுல போன், டிவி, லேப்டாப் எது சேந்தாலும் அதுக்கு ஒரு ஐ.பி. நம்பர் குடுக்கற வேலை ரவுட்டரோடது, அதுக்கு பேரு டி.ஹெச்.சி.பி. ரெண்டு ரவுட்டரும் நம்பர் குடுக்க ஆரம்பிச்சா ரேஷன் கடையில ரெண்டு பேர் தனித்தனியா டோக்கன் குடுக்கற கதைதான், ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு போகும், இல்ல தப்பான வழி காட்டிவிடும், திடீர் திடீர்னு நெட் போகும் வரும், யாருக்கும் காரணம் புரியாது. அதனால முன் பெட்டி ஒண்ணுதான் நம்பர் குடுக்கணும், பழையது வெறுமனே வைஃபை பரப்பணும்.

செய்யற முறை என்னன்னா, பழைய ரவுட்டர முன் பெட்டியோட சேக்கறதுக்கு முன்னாடி தனியா வச்சு லேப்டாப்ப கேபிள்ல சேத்துக்குங்க. பின்னாடி இருக்கற சின்ன ஓட்டைல குண்டூசி விட்டு பத்து செகண்டுக்கு மேல அழுத்துனா பழைய செட்டிங் எல்லாம் அழிஞ்சிடும். அடியில ஸ்டிக்கர்ல அட்ரஸும் பாஸ்வேர்டும் போட்டிருக்கும், பிரவுசர்ல போட்டா உள்ள போயிடலாம். மொதல்ல வைஃபை பேரும் பாஸ்வேர்டும் முன் பெட்டியில இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடுங்க, செக்யூரிட்டியும் ரெண்டுலயும் ஒண்ணா டபிள்யூ.பி.ஏ. 2 வைங்க, அது கூட இல்லாத அரதப் பழசுன்னா அத பயன்படுத்தவே வேணாம். அப்புறம் அதோட லேன் ஐ.பி.ய மாத்தணும், முன் பெட்டி 192.168.1.1னா இதுக்கு 192.168.1.250னு வைக்கலாம், ரெண்டுக்கும் ஒரே நம்பர் இருந்தா அடிச்சுக்கும், முன் பெட்டி மத்ததுக்கு குடுக்கற வரிசையிலயும் அந்த நம்பர் வராம பாத்துக்கணும். டி.ஹெச்.சி.பி.ய கடைசியா ஆஃப் பண்ணுங்க, மொதல்லயே ஆஃப் பண்ணிட்டா லேப்டாப்புக்கு நம்பர் கிடைக்காம மறுபடி உள்ள போறது கஷ்டமாயிடும். அதுக்கப்புறம் முன் பெட்டியோட லேன் போர்ட்லேர்ந்து வர்ற கேபிள பழைய ரவுட்டரோட லேன் போர்ட்லயே சொருகணும், வெளியிலேர்ந்து நெட் உள்ள வர்றதுக்குன்னு தனி கலர்ல இருக்கற வேன் (WAN) போர்ட்ல இல்ல.

வேன் போர்ட்ல சொருகுனாலும் நெட் வருதேன்னு சிலர் கேப்பாங்க. வரும், ஆனா வீட்டுக்குள்ள ரெண்டு தனித்தனி நெட்வொர்க் ஆயிடும், கூடத்துல இருக்கற பிரிண்டர் பின் ரூம் லேப்டாப்புக்கு தெரியாது, டிவில போன் படத்த போட முடியாது, கேமரா வச்சிருந்தா அதுவும் தகராறு பண்ணும். கொஞ்சம் புது ரவுட்டர்னா ஆக்சஸ் பாயிண்ட் மோட்னே ஒரு ஆப்ஷன் இருக்கும், அத தேர்ந்தெடுத்தா இந்த வேலை எல்லாம் அதுவே பாத்துக்கும், அப்ப எந்த போர்ட்ல சொருகணும்னும் அதுலயே சொல்லும்.

2.4 பேண்டுல சேனல், அதாவது சிக்னல் போற தடம், ரெண்டு ரவுட்டருக்கும் வேற வேறயா வைங்க, 1, 6, 11 இந்த மூணுதான் ஒண்ணோட ஒண்ணு மோதாது. முன்னாடி 1 இருந்தா பின்னாடி 6 வைங்க, இல்லன்னா 11 வைங்க. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு பொதுச்சுவர்ங்கறதால பக்கத்து வீட்டு வைஃபையும் உள்ள வந்து நிக்கும், போன்ல இலவச ஆப் ஒண்ணு போட்டு பாத்தா எந்த சேனல் காலியா இருக்குன்னு தெரிஞ்சிடும். முன்னாடிலேர்ந்து பின்னாடி நடந்து போறப்ப போன் பழைய சிக்னலையே பிடிச்சுக்கிட்டு விடாம இருந்தா முன் பெட்டியோட பவர கொஞ்சம் குறைச்சு வைங்க, ஏன்னா எப்ப மாறணும்னு முடிவு பண்றது பெரும்பாலும் போன்தான்.

அடாப்டர் விஷயத்துல ரொம்ப கவனம் வேணும். பரண்ல ரவுட்டர் ஒரு மூலை அடாப்டர் ஒரு மூலைன்னு கிடக்கும், 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் அடாப்டர் முனை அழகா பொருந்தும், சொருகுனா புகைஞ்சாலும் புகைஞ்சிடும். ரவுட்டர் அடியில எழுதியிருக்கற வோல்ட்டும் அடாப்டர்ல எழுதியிருக்கறதும் ஒண்ணான்னு பாத்துட்டு சொருகுங்க. கம்பெனி குடுத்த பெட்டின்னா அவங்க பூட்டி வச்சிருக்கலாம், செட்டிங் திறக்கலன்னா அத விட்டுட்டு திருப்பிக் குடுத்துடுங்க.

கேபிள் பத்தி என் தொழில்ங்கறதால கொஞ்சம் கூடவே சொல்றேன். கடையில விலை கம்மின்னு குடுக்கறதுல நிறைய அலுமினியத்து மேல செம்பு பூசுனது, சீக்கிரம் முறியும், நீளமா இழுத்தா நம்ப முடியாது. முழு செம்புல கேட் 5இ, இல்லன்னா கேட் 6 ரக கேபிள்னு கேட்டு வாங்குங்க. உள்ள எட்டு கம்பி நாலு ஜோடியா முறுக்கி இருக்கும், அந்த முறுக்குதான் அதோட உயிர். ரெண்டு முனையிலயும் கலர் வரிசை ஒண்ணா இருந்தா போதும்னு இஷ்டத்துக்கு கிரிம்ப் பண்றவங்க, அதாவது முனையில பிளக் மாட்டறவங்க, இருக்காங்க, சின்ன துண்டுல ஓடிடும், நீளமா போனா கழுத்தறுக்கும், ஏன்னா பிளக்குல 3வது இடத்து கம்பியும் 6வது இடத்து கம்பியும் ஒரே ஜோடியா இருக்கணும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன், இந்த வரிசைதான். கரண்ட் வயர் போற பைப்புக்குள்ளயே லேன் கேபிளையும் திணிக்க வேணாம், இன்சுலேஷன் போச்சுன்னா ஆபத்து, தனி பைப் போடுங்க. மொட்டை மாடி வழியா பக்கத்து வீட்டுக்கு செம்பு கேபிள் இழுக்கறதும் வேணாம், ஐப்பசி கார்த்திகையில இங்க விழுற இடிக்கு ரெண்டு வீட்டு பெட்டியும் போயிடும், அங்க ஃபைபர்தான் சரி. மூணு நாலு மாடி வீடு, கையில காசும் இருக்குன்னா மெஷ் செட், அதாவது ஒண்ணா சேந்து வேலை செய்யற ரெண்டு மூணு வைஃபை பெட்டி, நல்லதுதான், அதையும் கேபிள்ல சேத்தா இன்னும் நல்லா ஓடும்.

உங்க பத்திரிகை வழியா ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். இணைப்பு குடுக்க வர்றவங்க பெட்டியோட செட்டிங்க திறக்கற அட்மின் பாஸ்வேர்ட வீட்டுக்காரங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டு போகணும், சேனல் மாத்தக்கூட ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு போன் போட்டு காத்துக்கிட்டு கிடக்க வேண்டியிருக்கு, வயசானவங்க மட்டும் இருக்கற வீட்டுல அது பெரிய கொடுமை. அப்புறம் புதுசா வீடு கட்டுறவங்களும் இன்ஜினியருங்களும் கொத்தனார் சுவர் பூசறதுக்கு முன்னாடியே வாசல்லேர்ந்து ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு இன்ச் பிவிசி பைப் காலியா போட்டு, உள்ள ஒரு நைலான் கயிறும் விட்டு வைக்கணும், முனையில ஒரு பெட்டியும் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்டும் இருக்கணும். அந்த நேரத்துல அதுக்கு ஆகுற செலவு ரொம்ப கொஞ்சம், குடி வந்த பிறகு சுவர உடைச்சு போடணும்னா கூலி, சிமெண்ட், பெயிண்ட்னு பல மடங்கு ஆகும், வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு அந்த வழியும் கிடையாது.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
கும்பகோணம்.