விமானப் பாதைக்குக் கீழே சிக்னல் பூஸ்டர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு கேள்வி-பதில் பகுதியில், விமானத்தில் செல்போனை ஏன் ஃப்ளைட் மோடில் போடச் சொல்கிறார்கள் என்று திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விமானத்தின் ஒயரிங் எல்லாம் ஷீல்டு செய்யப்பட்டது (வெளி அலை புகாமல் உலோக உறை போட்டது), போனால் ஒன்றும் ஆகாது, இது சும்மா பழைய பழக்கம் என்று பதில் வந்திருந்தது. பாதி சரி. மீதிப் பாதியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சின்னியம்பாளையத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பீளமேடு விமான நிலையம் பக்கத்தில்தான். விமானத்துக்குள் இருக்கும் போனைவிட, தரையில் செல்போன் டவர் சிக்னலைப் பெருக்க மாட்டும் பூஸ்டர் பெட்டிகள்தான் எனக்குப் பெரிய கவலை; அதற்கு முன் பதிலைப் பற்றிக் கொஞ்சம்.

ஷீல்டு பற்றிச் சொன்னது உண்மை. பெரிய விமானங்களில் ஓடுவது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் ஏ.சி.; கூடவே 28 வோல்ட் டி.சி. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆவாரம்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர்களைக் கேட்டால் ஏன் 400 என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஹெர்ட்ஸ் ஏற ஏற டிரான்ஸ்ஃபார்மருக்கும் மோட்டாருக்கும் இரும்பு குறைவாகப் போதும், எடை குறையும். ஆனால் 400 ஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகக் கேட்கும் சத்தம். ஆடியோ ஒயர்ப் பக்கம் கசிந்தால் பைலட்டின் ஹெட்செட்டில் ரீங்காரம் வரும். அதனால்தான் பவர் ஒயரை ஒரு பக்கமும் ஆடியோ, ஆண்டெனா ஒயர்களை வேறு பக்கமும் கொண்டுபோகிறார்கள். ஒயருக்கு மேல் செம்புப் பின்னல் போடுகிறார்கள். றெக்கையின் அசையும் பாகங்களை உடம்போடு பட்டைக் கம்பியால் இணைக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் றெக்கையின் பின்விளிம்பில் குச்சி குச்சியாகச் சில தெரியும். பறக்கும்போது உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை ரேடியோவில் கரகரப்பு வராமல் மெதுவாக வெளியே விடத்தான் அவை.

இத்தனையும் ஒயருக்குச் செய்யும் பாதுகாப்பு. ஆண்டெனாவுக்கு உறை போட முடியாது. வெளியிலிருந்து வருவதைக் கேட்பதுதான் அதன் வேலை. அதன் அலைவரிசையில் எது வந்தாலும், விமான நிலையத்திலிருந்து வந்ததா, தெருவிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

எங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். பழைய எஃப்.எம். செட்டுகளுக்குள் ஆசிலேட்டர் என்று, தானே ஒரு அலையை உண்டாக்கும் பகுதி உண்டு. நாம் வைக்கும் ஸ்டேஷனைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக அது ஓடும். கோவை ரெயின்போ 103-ஐ வைத்தால் உள்ளே 113.7, 98.3 வைத்தால் 109. இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் சமிக்ஞையும், திசை காட்டும் நிலையங்களின் சமிக்ஞையும் 108-க்கும் 118 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில்தான் இருக்கின்றன. ஆசிலேட்டர் அலை கொஞ்சம் வெளியே கசிவதால், பாட்டு கேட்க மட்டுமே ஆன பெட்டி, தெரியாமலே அந்த அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. கேபினில் ரேடியோ கூடாது என்ற விதி இப்படித்தான் வந்தது. (இப்போது வரும் ஒற்றை ஐ.சி. செட்டுகளில் கணக்கு வேறு.) போனைப் பொறுத்தவரை, 2014-லேயே நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்ககம் ஃப்ளைட் மோடில் வைத்துப் பயன்படுத்த அனுமதி கொடுத்துவிட்டது. டவர் கிடைக்காத போன் தன் பவரை ஏற்றிக்கொண்டே போகும். அதை நிறுத்தத்தான் ஃப்ளைட் மோடு. அது சடங்கு அல்ல.

பயணிகளை விடுங்கள், அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்குக் கவலை தரையில் இருக்கும் சிக்னல் பூஸ்டர்கள்தான்.

போன மாதம் ஹாஸ்டல் நடத்தும் ஒருவர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். "ஏனுங்ணா, இதை மாட்டுனதுல இருந்து டவர் இன்னும் மோசமாப் போயிருச்சுங்க" என்றார். பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லை, அரசு அனுமதி எண் இல்லை. பிரித்துப் பார்த்தால், வேண்டாத அலைவரிசைகளைத் தடுக்கும் தரமான ஃபில்டர் என்று ஒன்றும் கிடையாது. ஒரு ஆண்டெனா மொட்டை மாடியில், இன்னொன்று நேர் கீழே மாடிப்படியில். நடுவில் ஒரு தளம்தான். மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட் போடுகிறவர்களுக்கு இது புரியும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் காட்டினால் கூவுகிறதே, அதே கதைதான். கீழே அனுப்பியதையே மேலே வாங்கிப் பெருக்கிப் பெருக்கி, இரவும் பகலும் இரைச்சலை வீசிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கம்பக்கத்துப் போன்களுக்கும் அதனால்தான் சிக்னல் கெட்டிருக்கிறது.

அது 900 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் (அலைவரிசைத் தொகுதி) பூஸ்டர். டவரிலிருந்து போனுக்கு வரும் சிக்னல் அந்தப் பேண்டில் 960 மெகாஹெர்ட்ஸ் வரை. அதை ஒட்டி 962-லிருந்தே, தரையில் உள்ள வழிகாட்டி நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று விமானம் அளக்கும் கருவியின் சேனல்கள் தொடங்கிவிடுகின்றன. ஃபில்டர் இல்லாமல் கூவும் பெட்டி 960-ல் கோடு போட்டு நின்றுகொள்ளாது. ஒரு பெட்டியால் விமானம் விழுந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. பைலட்டுக்கு வேறு கருவிகளும் உண்டு. ஆனால் இரைச்சல் கூடக்கூட தூரம் அளக்கும் அந்தக் கருவியின் நம்பகம் குறையும்.

2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவைப் பாருங்கள். விமானம் தரைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டருக்காக, 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரையிலான 5ஜி டவர்களை ஓடுபாதையின் இரு முனையிலிருந்தும் 2,100 மீட்டருக்குள்ளும், நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் வைக்கக்கூடாது என்றார்கள். ஆல்டிமீட்டர் ஓடுவது 4.2 முதல் 4.4 வரை, நடுவில் அத்தனை இடைவெளி இருந்தும் இந்தக் கட்டுப்பாடு. உரிமம் வாங்கிய டவருக்கே இப்படி மீட்டர் கணக்குப் பார்க்கும்போது, உரிமம் இல்லாத பூஸ்டர் விமானப் பாதைக்குக் கீழே எந்த மொட்டை மாடியில் வேண்டுமானாலும் நிற்பது என்ன நியாயம்?

தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்புப் பிரிவு சூலூர், நீலாம்பூர், பீளமேடு பகுதிகளில் வண்டியோடு வந்து அளக்க வேண்டும். வைத்திருப்பவரைப் பிடிப்பதற்கு முன் விற்பவரைப் பிடிக்க வேண்டும். வாங்குகிறவர்களில் பலருக்கு இதற்கு அனுமதி வேண்டும் என்பதே தெரியாது. டவர் கிடைக்காதவர்கள் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை ஆன் செய்தால் போதும். பிராட்பேண்ட் இருக்கும் வீட்டில் பூஸ்டரே தேவையில்லை. அந்த ஹாஸ்டல்காரருக்கும் அதைத்தான் செய்து கொடுத்தேன். வரும் ஞாயிறு இதையாவது அதே பகுதியில் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
சின்னியம்பாளையம், கோவை.