அறை எண் 7214-இலிருந்து: கப்பலில் பரவிய நோரோ வைரஸ் குறித்து இரண்டாவது புகார்

அனுப்புநர்: அறை எண் 7214-இல் பயணித்த மூவர் சார்பாக
பெறுநர்: மேலாளர், பயணிகள் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: எட்டு இரவுக் கப்பல் பயணத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு பரவியதைத் தாமதமாக அறிவித்தது, நோயைச் சொன்னவர்களுக்கு நேர்ந்த இழப்பு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பயணச்சீட்டை விற்கும்போது உங்கள் முகவர் முழுக்கத் தமிழில்தான் பேசினார். ஆகவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

என் முதல் கடிதத்துக்கு ஒன்பது வரியில் பதில் அனுப்பியிருந்தீர்கள். அதில் ஐந்து வரி அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிக் கூப்பனைப் பற்றியது. மிச்சமிருந்த நாலு வரியில் இரண்டு விஷயம். கிருமியைக் கப்பலுக்குள் கொண்டுவந்தது யாரோ ஒரு பயணி, அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பது ஒன்று. நோயுற்றவர்கள் எண்ணிக்கை பயணிகளில் 3 சதவீதத்தைத் தொடவில்லை, ஆகவே இதைப் 'பரவல்' என்றே சொல்ல முடியாது என்பது மற்றொன்று.

முதலாவதோடு எனக்குச் சண்டை இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் இந்த நோரோ வைரஸ் பெரும்பாலும் மனிதர்கள் வழியாகத்தான் கப்பல் ஏறும். பதிவாகும் நோரோ பரவல்களில் கப்பல்களின் பங்கு 1 சதவீதம்தான் என்பதும் எனக்குத் தெரியும். விடுதி, பள்ளி, முதியோர் இல்லம் என்று பலர் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுத் தூங்கும் எந்த இடத்திலும் அது வரும். முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட பரவலே, 1968-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்ததுதான். நான் பத்தொன்பது வருடம் கல்லூரி மாணவியர் விடுதியில் காப்பாளராக இருந்தவள். ஒரே இரவில் நாற்பது பிள்ளைகள் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வாந்தி வந்ததற்காக உங்கள்மேல் பாய வரவில்லை.

அந்த 3 சதவீதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975-இலிருந்து கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. நம் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பி வெளிநாட்டுத் தீவுகளைச் சுற்றித் திரும்பியதால் அந்தத் திட்டத்துக்குள் வருகிறது. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்று நோய் என்றால் அந்தக் கப்பலின் பெயர் பொதுவில் வெளியாகும். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ வயிற்றுப்போக்கு, அல்லது வாந்தியோடு காய்ச்சல், வயிற்றுவலி போல இன்னொரு தொல்லை இருந்தால் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் கணக்கில் வர, அந்த ஆள் கப்பல் மருத்துவ மையத்தில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதவர் இல்லாதவர்.

நம் கப்பலில் ஏறக்குறைய 2,400 பயணிகள். 3 சதவீதம் என்றால் 72 பேர். அந்த எண்ணைத் தொடாமல் இருந்தது எப்படி என்று எனக்குத் தெரியும். என் குடும்பமே அதற்குச் சாட்சி.

கதை கப்பல் ஏறும் முன்பே ஆரம்பித்துவிட்டது. துறைமுக வரிசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள்: கடந்த இரண்டு நாளில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ உண்டா? 'ஆம்' என்று போட்டால் பயணமே பறிபோகலாம்; 'இல்லை' என்று போட்டால் யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. எனக்கு முன்னால் நின்றவர் கேள்வியைப் படிக்காமலே பேனாவைச் சாய்த்து ஒரே கோடாக எல்லா 'இல்லை'யையும் அடித்துவிட்டு நகர்ந்தார். நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

இரண்டாம் நாள் இரவு, ஒன்பதாம் தளத்து லிஃப்ட் வாசலில் ஒரு பெரியவர் வாந்தி எடுத்தார். பக்கத்தில் இருந்த பணியாளர் பதறிப்போய் அதன்மேல் மேஜைத் துணி ஒன்றைப் போட்டு மூடிவிட்டு ஆள் தேட ஓடினார். ப்ளீச் வாளியோடும் கையுறையோடும் ஆட்கள் வந்து சேர இருபது நிமிடம். அதற்குள் மூன்று லிஃப்ட்டுகளும் நாலைந்து தடவை திறந்து மூடிவிட்டன. ஒரு குழந்தை அந்தத் துணியின் ஓரத்தைத் தாண்டிக் குதித்து விளையாடியது. சில பத்து வைரஸ் துகள் உள்ளே போனாலே ஆளைச் சாய்க்கும் கிருமி இது. அந்தப் பணியாளரை நான் குறை சொல்லவில்லை. பயிற்சி கொடுத்திருந்தால் முதலில் ஆட்களை மறித்திருப்பார்.

மூன்றாம் நாள் மதியம் பஃபே மேஜைகளில் உப்பு, மிளகு டப்பாக்கள் காணோம். காப்பிக் கவுண்டரில் முந்தின நாள் நாமே பிடித்துக் குடித்தோம். அன்று கையுறை மாட்டிய ஒருவர் ஊற்றிக் கொடுத்தார். நூலக அலமாரி காலி. விடுதி நடத்திய எனக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. நோய் பரவுவது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சாலட், ரொட்டிப் பக்கம் அதே இடுக்கியை ஆயிரம் கைகள் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. வாசலில் ஒரு பெண் பாட்டுப் பாடி எல்லார் கையிலும் சானிடைசர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நோரோவுக்கு ஆல்கஹால் ஜெல்லை நம்ப முடியாது, சோப்பும் தண்ணீரும் போட்டு 20 விநாடி தேய்த்தால்தான் போகும் என்பது உங்கள் மருத்துவருக்குத் தெரியாமல் இருக்காது. கை கழுவும் தொட்டி இரண்டு இருந்தன. ஒன்றில் சோப்பு தீர்ந்திருந்தது. பாட்டுக்கு மட்டும் குறைவில்லை.

நான்காம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு என் அம்மா எழுந்தார். வயது 71. ஒரு மணி நேரத்தில் ஆறு முறை. நோரோ உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணி நேரத்தில் வெளியே தெரியும். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: இரண்டாம் நாள் விடியலுக்கும் மூன்றாம் நாள் மாலைக்கும் நடுவில் அவர் எங்கேயோ தொட்டிருக்கிறார். உப்பு டப்பாவை எடுத்த கையோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மாலை அவரை நான் பஃபேக்குக் கூட்டிப் போயிருக்க மாட்டேன்.

நான் உடனே மருத்துவ மையத்துக்குப் போன் செய்தேன். அந்த நர்ஸ் நல்ல மனுஷி. அதையும் எழுதியாக வேண்டும். வாந்தி நிற்க ஊசி போட்டார்கள், பரிசோதனைக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று என்று இரண்டு ரசீது கொடுத்தார்கள். பிறகு அம்மாவின் அறை அட்டைக்குத் தடை. கடைசி வாந்தி நின்று 24 மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. அது சரியான விதிதான். ஆனால் ஒரே அறையில் மூன்று பேர், ஒரே கழிவறை. என் கணவருக்காவது வேறு அறை கேட்டேன். காலி இல்லை என்றார்கள். அழுக்கான படுக்கை விரிப்பை மாற்ற ஐந்து மணி நேரம். அதுவரை அம்மா வெட்கத்தில் அதைச் சுருட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு, "நானே அலசிடறேன்டி, யாரையும் கூப்பிடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வாசலில் தட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டி ஓடிவிடுவார்கள். வறட்டு ரொட்டி, ஆப்பிள் ஜூஸ், கோலா. வயிற்றுப்போக்கில் இருப்பவருக்குச் சர்க்கரை கூடின ஜூஸ் கொடுத்தால் போக்கு அதிகமாகும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பொட்டலம் கேட்டேன். மருத்துவ மையத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சரி வருகிறேன் என்றதற்கு, நோயாளியோடு இருப்பவர் நடமாடுவதைத் தவிர்க்க வேண்டும் என்றார்கள். உப்பாவது அனுப்புங்கள் என்றேன். தனிமை அறைக்கான உணவுப் பட்டியலில் உப்பு இல்லையாம். கடைசியில் என் கணவர் எங்கிருந்தோ நாலு உப்புப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. காப்பித் தட்டில் இருந்த சர்க்கரையைப் பிரித்துப் பிரித்துக் கொட்டி, பாட்டிலில் குலுக்கி, ஒரு மடக்குக்கு ஒரு நிமிடம் இடைவெளி விட்டுக் கொடுத்தேன். விடுதியில் செய்த அதே வேலை. அம்மா தேறியது அதனால்தான் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் நாள் நண்பகலில்தான் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். "சில பயணிகளுக்கு வயிற்று அசௌகரியம்" என்றார். இனி வயிற்றுக் கோளாறுக்கு மருத்துவ மையத்தில் கட்டணம் கிடையாது என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் அங்கே வரிசை நடைவழிவரை நீண்டதாம். காலையில் இல்லாத நோயாளிகள் மதியத்துக்குள் முளைத்துவிட்டார்களா? இருந்தவர்கள்தான். கட்டணம் போனதும் வெளியே வந்தார்கள்.

ஆனால் எல்லாரும் வரவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. அன்று இரவு என் கணவர் இரண்டு முறை வாந்தி எடுத்தார். போன் செய்கிறேன் என்றேன். "நாளைக்குத் தீவுல இறங்கறோம். அத்தைய அடைச்சு வச்சத பார்த்தேல்ல? பேசாம இரு" என்றார். நிலத்தில் இறங்கிப் பார்க்கும் சுற்றுலாவுக்கு முன்பே பணம் கட்டியிருந்தோம். அம்மாவுடைய பங்கு ஏற்கெனவே போயிருந்தது, அறையில் அடைபட்டவருக்குத் திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லியிருந்தீர்கள். மறுநாள் காலை மாத்திரை போட்டுக்கொண்டு, படகின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். அந்தக் கைப்பிடியை அவருக்குப் பின்னால் எத்தனை பேர் பிடித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையிலும் இரண்டு இரவு ஓங்கரிக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. இறங்கும் நாளில் அந்தத் தம்பதியைப் பார்த்தோம். "கடல் மயக்கம்னு சொல்லிச் சமாளிச்சிட்டோம்" என்று சிரித்தார்கள். ஆக இரண்டு அறைகளில் நோய் வந்தது எனக்குத் தெரிந்து குறைந்தது மூன்று பேருக்கு. உங்கள் கணக்கில் ஏறியது ஒருவர், என் அம்மா. இதே விகிதம் கப்பல் முழுக்க இருந்தது என்று சொல்ல மாட்டேன். உங்களாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

விடுதியில் நான் கற்றது ஒன்று உண்டு. "மிஸ், வாந்தி வருது" என்று முதலில் வந்து நிற்கும் பிள்ளையைத் திட்டினால், அடுத்த பத்துப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். நீங்கள் உண்மை சொன்னவருக்கு ரசீது கொடுத்து, அட்டையை முடக்கி, சுற்றுலாப் பணத்தையும் வைத்துக்கொண்டீர்கள். மறைத்தவர் தீவைப் பார்த்தார், பஃபேயில் சாப்பிட்டார். அப்புறம் 3 சதவீதத்தைத் தொடவில்லை என்று எனக்கே எழுதுகிறீர்கள்.

இதே விஷயத்தில் உங்கள் ஊழியர்களைப் பற்றியும் ஒரு கேள்வி. உணவு கையாளும் ஊழியர் நோயிலிருந்து மீண்டபின் 48 மணி நேரம் வேலைக்கு வரக்கூடாது என்பது அந்த அமெரிக்கக் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் விதி. அந்த நாட்களுக்கு அவர்களுக்குச் சம்பளமும் டிப்ஸும் கிடைக்கிறதா? எங்கள் அறையைச் சுத்தம் செய்யும் தம்பி ஆறாம் நாள் வெளிறிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டதற்குத் தூக்கம் இல்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

அம்மாவிடம், நோய் வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்தில் எங்கே, என்ன சாப்பிட்டார் என்று ஒரு நீளமான படிவமும் வாங்கினீர்கள். கை நடுங்க நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்று முதல் கடிதத்திலேயே கேட்டேன். பதிலில் அந்தப் பேச்சே இல்லை. இறங்கும்போதும் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கொடுக்கவில்லை. குணமான பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் கிருமி வெளியேறும், குறைந்தது இரண்டு நாள் மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் பெட்டிகள் இறங்கிய அதே மதியம் அடுத்த கூட்டம் வரிசையில் நின்றது. அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாளின் இரண்டு ரசீதுகளையும் ரத்து செய்து பணத்தைத் திருப்புங்கள். ஐந்தாம் நாள் எல்லாருக்கும் இலவசமானது ஒரு நாள் முந்திச் சொன்னவருக்கு மட்டும் ஏன் காசு? அம்மாவின் தீவுச் சுற்றுலாப் பணத்தையும், அவர் அடைபட்டிருந்த நாட்களுக்கான பயணத் தொகையையும் கொடுங்கள். என் கணவரின் பங்குக்கு ஒன்றும் கேட்கவில்லை. இனி வரும் பயணங்களில், நோயைச் சொல்லித் தனிமையில் இருப்பவருக்கு இழந்த நாளின் தொகை தானாகத் திரும்பும் என்று பயணச்சீட்டிலேயே அச்சிட முடியுமா, முடியாதா என்று எழுத்தில் சொல்லுங்கள். முதல் சில நோயாளிகள் தெரிந்த அன்றே பஃபேயில் பரிமாறும் வேலையை ஊழியர்களே எடுத்துக்கொள்வதற்கும், பயணிகளுக்கு அறிவிப்பதற்கும் உங்களிடம் எந்த எண்ணிக்கை வரம்பு, அது எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும்.

ரசீதுகளின் நகலும், தடை போட்ட அன்று கதவடியில் தள்ளிய கடிதமும் இத்துடன் உள்ளன. தள்ளுபடிக் கூப்பனையும் திருப்பி வைத்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். அதில் என் கணவர் மறைத்ததையும் சேர்த்தே எழுதுவேன் என்று அவரிடம் சொல்லியாயிற்று.

இப்படிக்கு,
அறை எண் 7214-இன் பயணி