முத்துவின் தண்ணீர்க் கணக்கு

புரசைவாக்கம், சென்னை

அன்புள்ள கயல்,

போனை எடுத்ததும் நீ கேட்கும் முதல் கேள்வி, "முத்து தண்ணி குடிச்சானா?" பெர்லினில் உட்கார்ந்துகொண்டு உன் பூனைக்காக நீ கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒரு விஷயத்துக்கு உன் சம்மதமும் வேண்டும்.

பூனைக்கு ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் வேண்டும். முத்து 4 கிலோ இருக்கிறான். அப்போது 200 மில்லி, நம் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு ஒரு டம்ளர். ஆனால் அது கிண்ணத்தில் குடிப்பது மட்டும் இல்லை, சாப்பாட்டில் இருக்கும் ஈரமும் சேர்த்துத்தான். நீ வாங்கி வைத்துவிட்டுப் போன உலர் தீனியில் நூற்றுக்குப் பத்து பங்குதான் ஈரம். அதை மட்டும் தின்றால் கிட்டத்தட்ட முழு டம்ளரையும் அவன் குடித்தாக வேண்டும். அவ்வளவு குடிக்கிற ஜாதி இல்லை அது. வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்துப் பிராணி. எலி, குருவி என்று பிடித்துத் தின்னும். எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தானே, பெரும்பாலும் அதிலேயே அதன் தேவை தீர்ந்துவிடும். அதனால் பூனைக்குத் தாகம் எடுப்பதே குறைவு. தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் மிச்சம் பிடித்து, சிறுநீரைக் கெட்டியாக்கி அனுப்பிவிடும்.

அந்தக் கெட்டியான சிறுநீர்தான் எனக்குப் பயம். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல். உள்ளே படிகம் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வேப்பேரி கால்நடை மருத்துவமனை பக்கத்தில் இருப்பது எனக்குப் பெரிய தைரியம்.

அதனால் நான் கிண்ணத்தைப் பார்ப்பதைவிட மணலைத்தான் பார்க்கிறேன். காலையில் அள்ளும்போது சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டிகள் எலுமிச்சை அளவில் இரண்டு மூன்று இருந்தால் நிம்மதி. அவை சிறுத்துப்போனால் அன்றைக்குச் சாப்பாட்டில் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவேன். திடீரென்று கட்டிகள் பெரிதாகி, அவனும் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிக்க ஆரம்பித்தால் அதுவும் நல்லதில்லை. சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்பது வயதாகிறது, அதையும் கவனித்துத்தான் வருகிறேன்.

அவன் குடிப்பதை நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? நாய் மாதிரி நாக்கை முழுசாகத் தண்ணீரில் விடமாட்டான். நுனியைப் பின்பக்கம் மடித்து மேலாகத் தொட்டு, சட்டென்று இழுப்பான். கூடவே மெல்லிசாக ஒரு தண்ணீர்க் கம்பி எழும்பி வரும், அது விழுவதற்குள் வாயை மூடிவிடுவான். நொடிக்கு நாலு தடவை இப்படி நடக்கிறது என்று 2010-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் வீடியோ எடுத்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு தடவைக்கு வருவது சில துளிதான். ஒரு டம்ளரைக் காலி பண்ண எவ்வளவு நேரமாகும், நீயே யோசி.

கிண்ணம் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: கூடத்தில், உன் அறையில், பால்கனி கதவோரம். மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. காலையிலும் சாயங்காலமும் கழுவி மாற்றுகிறேன், கத்திரி வெயிலில் மத்தியானமும் ஒரு தடவை. பாட்டி பால் ஊற்றத்தான் பார்க்கிறார். வளர்ந்த பூனைகள் நிறையவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போனால் இருக்கும் தண்ணீரும் போய்விடும் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். மீன் வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துக் கொடுத்தால் ஒரு சொட்டு விடாமல் நக்குகிறான். உப்பு போடுவதில்லை. வெங்காயம், பூண்டு வாசனைகூட அதில் படக் கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

இப்போது சம்மத விஷயம். உலர் தீனியைக் குறைத்து, வெட் ஃபுட் பவுச்சுக்கு, அதாவது பொட்டலத்தில் வரும் ஈரத் தீனிக்கு, மாற்றலாம் என்று இருக்கிறேன். 85 கிராம் பவுச் ஒன்றில் 65 மில்லிக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. தினம் இரண்டு கொடுத்தால் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும், மிச்சத்தை அவனே குடித்துக்கொள்வான். உலர் தீனி ஒரு சின்னப் பிடி போதும். வெறும் மீனையே தினமும் போட முடியாது, பூனைக்கு வேண்டிய சத்தெல்லாம் அதில் சரியாக அமையாது. சட்டென்று மாற்றினால் தொடவும் மாட்டான், அதனால் முதலில் ஒரு ஸ்பூன், அப்புறம் இரண்டு என்று பத்து நாளில் கொண்டுவருகிறேன்.

செலவு கூடும்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் உன் பிள்ளை, உன்னைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. சரி என்று ஒரு வார்த்தை எழுது, திங்கட்கிழமையே ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா