வானிலையை மட்டும் குறை சொல்லி முடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலத்தில் சிறிய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கினால், ‘மோசமான வானிலையே காரணம்’ என்ற வரியோடு பெரும்பாலான செய்திகள் முடிந்துவிடுகின்றன. அந்த வானிலையில் புறப்படலாம் என்ற முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் நாளிதழ்கள் விசாரித்து எழுத வேண்டும்.

1959 பிப்ரவரி 3 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பட்டி ஹாலி உள்ளிட்ட மூன்று பாடகர்களுடன் கிளம்பிய பீச்கிராஃப்ட் பொனான்சா விமானம் சில நிமிடங்களில் வயலில் மோதியதில், விமானியும் சேர்த்து நால்வரும் இறந்தனர். வெப்பமூட்டி பழுதான பேருந்தில் கடுங்குளிரில் பயணம் செய்து அலுத்துப்போனதால்தான் அவர்கள் விமானத்தை நாடினார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 21 வயதான அந்த விமானிக்கு, வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்று இல்லை. வழியில் வானிலை மோசமாகிறது என்ற எச்சரிக்கைகளும் அவரிடம் தெரிவிக்கப்படவில்லை. விமானத்தின் நிலையைக் காட்டும் கருவியோ, மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை, அவர் பழகிய கருவிக்கு நேர்மாறாகக் காட்டும் வகையைச் சேர்ந்தது. விசாரணை அறிக்கை முதன்மையாகக் குறை கண்டது, அந்நிலையில் பறக்கத் துணிந்த முடிவைத்தான்.

அடிவானம் மறைந்துவிட்டால் உள்காது தரும் உணர்வு நம்மை ஏமாற்றும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கும்போதும் நேராகப் பறப்பதாகவே தோன்றும். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைக் கொண்டு 1954இல் இலினாய் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையில் அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள்.

பனி உறைதல் இன்னொரு அபாயம். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே மிதக்கும் மேகத்துளிகள் இறக்கையில் பட்டவுடன் உறைந்து, அதன் வடிவத்தையே மாற்றித் தூக்குவிசையைக் குறைக்கின்றன. 2025 பிப்ரவரி 6 அன்று அலாஸ்காவின் நோம் நகருக்குச் சென்ற செஸ்னா கேரவன் விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். பனி உறையும் சூழலில் பறப்பதற்கென வகுக்கப்பட்ட எடை வரம்பைவிட ஏறத்தாழ 440 கிலோ கூடுதலாக அது ஏற்றிச் சென்றதாக முதற்கட்ட அறிக்கை தெரிவித்தது.

விமானி பெற்ற பயிற்சி, அவருக்குக் கிடைத்த முன்னறிவிப்பு, ஏற்றப்பட்ட எடை ஆகிய விவரங்களைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டால், சிறிய விமானத்தில் ஏறப்போகிறவர்கள் அதே கேள்விகளைப் புறப்படுவதற்கு முன்பே கேட்க முடியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்